மாலை ஐந்து முதல் ஒன்பது வரை

மன்றக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள், உட்கார்ந்த வரிசைப்படி: மேசையின் தலைப்பக்கம், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் இரும்புக்கடைக்காரர். கால் நீட்ட இடம் வேண்டுமென்று நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார். இடப்பக்கம் தையற்காரம்மா, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டிருந்தார். இந்த மூவரும் ஓட்டு வாங்கி உறுப்பினரானவர்கள். சுவரோரம், வரச்சொல்லி வந்த நர்ஸ். அவர் மடியில் மருத்துவ நிலையத்தின் சாவி. ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டு ஊரில் மன்றக் கணக்கராக இருப்பவர். கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாதவர்; தலைவருக்குச் சம்பந்தி. தன் வீட்டில் வாழும் தலைவரின் மகள் நலம் என்ற செய்தியைச் சொல்ல வந்தவர், காபிக்கு முன்னால் கூட்டம் முடிந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில், எழுந்து போய் வரத் தோதாக, எழுத்தர்.

எழுத்தரை ஊரே ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடும். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைக் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது அவள் வழக்கம். எழுதாமல் விட்ட ஒரு தடவை, “அன்னைக்கு நான் வரவே இல்லையே” என்று ஒரு உறுப்பினர் கையை விரித்துவிட்டார். அதிலிருந்து அவள் நாற்காலியைக்கூட விடுவதில்லை.

எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று. தலைநகரத்துச் சுகாதாரத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தலைவர் கண்ணாடியைச் சட்டைப்பைகளில் தேடிக்கொண்டிருந்ததால் ரைட்டரம்மாவே வாசித்தாள்.

“தங்கள் மன்றம் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. நாடெங்கும் மருத்துவ நிலையங்கள் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை இயங்குவதே முறை. தங்கள் ஊரில் மாலை ஐந்து முதல் ஒன்பது வரையிலும் இயங்கி வருவதாகத் தாங்களே தெரிவித்திருப்பதால், வரும் முதல் தேதியிலிருந்து அதை நிறுத்திக்கொள்ளவும்.”

முதல் தேதி என்பது அன்றைய தேதிதான்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்றார் இரும்புக்கடைக்காரர்.

“ஊதினது யாராம்?” என்றார் தையற்காரம்மா. “எல்லாரும் சேர்ந்துதானே ஊதினோம். நீங்க கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதினதை நான் என் கண்ணால பார்த்தேன்.”

அதில் பொய்யில்லை. அந்தக் கடிதம் போன கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இந்த நாட்டில் அரசாங்கம் ஒன்றுதான். அது தலைநகரத்தில் இருக்கிறது. நடுவில் மாநிலம் என்றோ மாகாணம் என்றோ எதுவும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் நாடாளுமன்றம் என்ன நினைத்ததோ, ஒரு சட்டம் போட்டு, ஊர் மருத்துவ நிலையத்தை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதையெல்லாம் அந்தந்த ஊர் மன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்று தூக்கிக் கொடுத்துவிட்டது. ஊரும் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. நூல் ஆலையில் பகல் ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வரும்போது மணி நாலரை ஆகிவிடும். நாலு மணிக்குப் பூட்டுகிற மருத்துவ நிலையம் அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரம் மாதிரி, பார்க்கலாம், தொடமுடியாது. அதனால் மன்றம் காலை நேரத்தைக் குறைத்து மாலை நேரத்தைக் கூட்டியது. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஒழுங்காக நடந்ததுதான் தலைவரை உறுத்தியது. “எதுக்கும் மேல ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்குவோம்” என்றார். அவர் மட்டுமல்ல, மன்றத்துக்கே அது பழக்கம். கையில் அதிகாரம் வந்து இத்தனை வருஷமாகியும், பூங்காவின் பெஞ்சுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதைக்கூட மேலே கேட்டு எழுதினார்கள். பெரும்பாலும் பதில் வராது. வராத பதிலையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, விருப்பப்பட்ட வர்ணத்தை அடிப்பார்கள். மருத்துவ நிலையத்தைப் பற்றிய கடிதமும் அப்படித்தான் போனது. ஆனால் அது தலைநகரத்தில் வேலை குறைவாக இருந்த யாரோ ஒருவருடைய மேசையில் போய் விழுந்துவிட்டது.

“நாலு மணி அடிச்சாச்சு” என்றார் நர்ஸ். “அஞ்சுக்கு வாசல்ல ஆள் நிப்பாங்க. நான் திறக்கணுமா, வீட்டுக்குப் போகணுமா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.”

ரைட்டரம்மா குறிப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எழுத்தருக்குக் கூட்டத்தில் பேச உரிமையில்லை. அவளும் இதுவரை பேசியதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வரப்போகும் பதில் மற்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் வேண்டியிருந்தது. அவள் தங்கை நூல் ஆலையில் இருக்கிறாள். இது ஏழாம் மாதம். போன தடவை ரத்த அழுத்தம் ஏறியது தெரியாமலே போய், குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை நர்ஸ் விடவில்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் சாயங்காலம் வரச்சொல்லி, கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, திட்டவேண்டியதைத் திட்டி அனுப்புகிறார். பகலில் வர அனுமதி கேட்டால் ஆலையில் முடியாது என்று சொல்லமாட்டார்கள். “நீ இனிமே வீட்டிலேயே இருந்துக்கோம்மா” என்பார்கள். தங்கையின் புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது.

தலைவர் ஒருவழியாகக் கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். “இதுல என்ன இருக்கு? பேப்பர்ல நாலு மணின்னு இருக்கட்டும். நடப்புல எப்பவும் போல நடக்கட்டும். நீங்க பாட்டுக்குத் திறங்க. நாங்க பாட்டுக்கு இருக்கோம்.”

“அதாவது, நான் திருட்டுத்தனமா ஊசி போடணும்.”

“சேச்சே, யாரு அப்படிச் சொன்னது?”

“ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தி வலியோட வந்து, ஏதாவது ஏடாகூடமா ஆயிடுச்சுன்னு வைங்க. விசாரணைக்கு வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க? யாரைக் கேட்டுத் திறந்தேன்னு கேப்பாங்க. அப்ப நீங்க எங்க இருப்பீங்க?”

தலைவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

“அங்கதான் இருப்பீங்க” என்றார் நர்ஸ். “பேர் வந்தா மன்றத்துக்கு, பழி வந்தா நர்ஸுக்கு. அந்தக் கணக்கு எனக்கு ஆகாது. திறன்னு சொன்னா எழுத்துல சொல்லுங்க. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா சாவி இந்தாங்க.”

சாவியை மேசையில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

ஜன்னலடியில் இருந்த சம்பந்திக்குப் பேசாமல் இருப்பது கஷ்டமாகிவிட்டது. “தப்பா நினைக்காதீங்க. எங்க நாட்டுலயும் போன வருஷம் இதே கதைதான். மத்திய அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டுச்சு, ஒன்பதுலேர்ந்து நாலுன்னு. எங்க மாநில அரசாங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா? சுகாதாரம் எங்க கையில இருக்கு, நீ யாரு சொல்றதுக்குன்னு திருப்பி அனுப்பிடுச்சு. அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு. மத்தியிலே தலைகீழா நின்னாலும் அசைக்க முடியாது.”

“கொடுத்து வச்சவங்க” என்றார் இரும்புக்கடைக்காரர். “அப்புறம்?”

“அப்புறம் மாநிலமே ஒரு உத்தரவு போட்டுச்சு.”

“என்னன்னு?”

“பத்துலேர்ந்து அஞ்சு.”

தையற்காரம்மா அளவு நாடாவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “உங்க ஊர் மன்றம் ஒண்ணும் சொல்லலையா?”

“எங்க ஊர் மன்றமா? குழாய்க்கு வாஷர் மாத்தணும்னாலும் மாநிலத் தலைநகரத்துல கையெழுத்து வாங்கணும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே. இப்ப நீங்க கூடியிருக்கீங்களே, இந்த மாதிரிக் கூட்டமே எங்க ஊர்ல கிடையாது. முடிவு பண்ண ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குக் கூடறது?” அவர் தலைவர் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு சம்பந்தி, உங்களுக்குக் கொடுத்திருக்கறது இரவல் நகை. போட்டுக்கிட்டு மினுக்கலாம். கொடுத்தவ கேட்டா அன்னைக்கே கழட்டணும். எங்களுது அப்படி இல்லை, சொந்த நகை.”

“சொந்த நகைதான்” என்றார் தலைவர். “ஆனா மாமியார் பீரோவுல இருக்கு. அந்தப் பீரோவைப் பத்தி எம் பொண்ணு எங்கிட்டச் சொல்லியிருக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்திக்கு இருமல் வந்துவிட்டது. ரைட்டரம்மா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். இதைக் குறிப்பில் எழுதவில்லை.

“பேப்பர்ல ஒற்றையாட்சி, கூட்டாட்சின்னு பக்கம் பக்கமா எழுதறான்” என்றார் இரும்புக்கடைக்காரர், சிரிப்பு அடங்கியதும். “எதுல அதிகாரம் ஊருக்கு வந்து சேருதுன்னு ஒருத்தனும் எழுத மாட்டேங்கறான். சரி, விளையாட்டுப் போதும். நான் சொல்றதைக் கேளுங்க. சட்டம் நம்ம பக்கம்தான். அதை யாரும் மாத்தலை. இந்தக் கடிதம் ஒரு அதிகாரி எழுதினது, அவ்வளவுதான். ஆனா நாம முறைச்சுக்கிட்டு எழுதினோம்னு வைங்க, அவங்களுக்கு ரோஷம் வந்துடும். நாடாளுமன்றத்துல ஒரு மத்தியானம் கையைத் தூக்கினாப் போதும், சட்டமே போயிடும். நமக்கு மட்டும் இல்லை, நாட்டுல இருக்கற அத்தனை ஊருக்கும் போயிடும். தடுக்க நடுவுல யாரும் இல்லை. அந்தப் பழி நமக்கு வேணுமா?”

இது நியாயமான பயம்தான். ரைட்டரம்மாவே இதை நினைத்து இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தலைவர் வேகமாகத் தலையாட்டினார். “அதான், அதான். பணிவா ஒரு மனு எழுதுவோம். மறுபரிசீலனை பண்ணச் சொல்லிக் கேப்போம். பதில் வர்ற வரைக்கும் நாலு மணிக்குப் பூட்டிக்குவோம்.”

“பதில் வர்ற வரைக்கும் பிள்ளை வயித்துலயே இருக்குமா?” என்றார் தையற்காரம்மா. “அவங்க பிடுங்கிடுவாங்கன்னு பயப்படறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். பிடுங்கறதுக்கு அவங்க எதுக்கு? நாமதான் கடிதம் கடிதமாத் திருப்பிக் கொடுத்துக்கிட்டு இருக்கோமே. பெஞ்சுக்குப் பச்சை அடிக்கவா நீலம் அடிக்கவான்னு கேட்டோம். விளக்கை எத்தனை மணிக்குப் போடறதுன்னு கேட்டோம். கேட்டுக் கேட்டு, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாமளே நிரூபிச்சுட்டோம். நாளைக்குச் சட்டத்தை எடுக்கணும்னா அவங்களுக்கு வேற சாட்சியே வேண்டாம்.”

அந்தச் சமயத்தில் கதவு தட்டப்பட்டது. ரைட்டரம்மா எழுந்து திறந்தாள். அவள் தங்கை நின்றிருந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகள், கையில் காலி டிபன் பாத்திரம்.

“அக்கா, அங்க பூட்டியிருக்கே. பத்துப் பதினஞ்சு பேர் நிக்கறாங்க” என்றாள். பிறகு உள்ளே எட்டிப்பார்த்து, நர்ஸ் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். “இன்னைக்கு இல்லேன்னா சொல்லிடுங்க, பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். நின்னா கால் வீங்குது, அதான்.”

“உக்காரு” என்றாள் ரைட்டரம்மா. நடையில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். கணுக்கால் இரண்டும் செருப்பின் வாரை மீறிப் புடைத்திருந்தன. உள்ளேயிருந்தே நர்ஸ் அந்தக் காலைத்தான் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த சாவியைப் பார்த்தார்.

ரைட்டரம்மா திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். எழுதாமல் நின்றாள்.

“ஐயா, குறிப்புல என்ன எழுதட்டும்?” என்றாள்.

தலைவர் திடுக்கிட்டார். கதவுப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது அவருக்குப் புதிது. “என்னன்னா?”

“‘பேசினார்கள்’னு எழுதி முடிக்கட்டுமா, ‘முடிவு செய்தார்கள்’னு எழுதட்டுமா? பேசினார்கள்னா இதோட முடிஞ்சுது. எல்லாரும் கிளம்பலாம். முடிவுன்னா என்ன முடிவுன்னு எழுதணும், யாரு கை தூக்கினாங்கன்னு எழுதணும்.”

“அது யாரு, உன் தங்கச்சியா வெளியில?” என்றார் இரும்புக்கடைக்காரர்.

“ஆமாங்க. ஆனா அதை நான் குறிப்புல எழுதலை.”

இரும்புக்கடைக்காரர் நீட்டியிருந்த காலை மடக்கினார். கடையில் பெரிய விலை பேசும்போது செய்வதுபோல மோவாயைத் தடவினார். “என் பயம் போகலை” என்றார். “போகாது. நாளைக்கே எடுத்தாலும் எடுப்பாங்க. ஆனா எடுக்கறவன் கையை நீட்டி எடுக்கட்டும். நாட்டுல நாலு பேர் பார்க்கட்டும். நாமளா கொண்டுபோய்க் கொடுத்ததா இருக்கவேண்டாம்.” கையைத் தூக்கினார்.

தையற்காரம்மாவின் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

“ரெண்டு பேர் போதுமே, தீர்மானம் ஆச்சே” என்றார் தலைவர், தப்பிக்க ஒரு சந்து தெரிந்த சந்தோஷத்தில்.

“எனக்கு மூணு கையெழுத்து” என்றார் நர்ஸ்.

தலைவர் சம்பந்தியைப் பார்த்தார். மகளை வாழக் கொடுத்த வீட்டின் ஆள், நாளைக்கு அக்கரையில் போய் இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரிக்கக்கூடிய ஆள். சம்பந்தி மும்முரமாக ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு இப்படி ஒரு தாள்ல கையெழுத்துப் போட வாய்ப்பு வந்ததே இல்லை” என்று ஆற்றிடம் சொன்னார். தலைவர் பெருமூச்சு விட்டுக் கையைத் தூக்கினார். பாதிதான் தூக்கினார், ரைட்டரம்மா அதை முழுக்கையாகவே எழுதிக்கொண்டாள்.

தீர்மானம் நாலே வரி. “மருத்துவ நிலையத்தின் நேரத்தை முடிவு செய்யச் சட்டம் இம்மன்றத்துக்கு அளித்துள்ள அதிகாரத்தின்படி, மாலை ஐந்து முதல் ஒன்பது வரையிலான நேரம் தொடரும். நர்ஸ் இம்மன்றத்தின் ஆணைப்படியே அந்நேரத்தில் பணி செய்கிறார். விளைவுக்கு மன்றமே பொறுப்பு.” மூவரும் கையெழுத்திட்டார்கள். நர்ஸ் மூன்றாவது கையெழுத்தின் மை காயும்வரை ஊதினார், பிறகு தாளை ஒரு கையிலும் சாவியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் பெஞ்சில் இருந்தவளிடம், “வா, எழுந்திரு. காலைத் தொங்கப்போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அவர் சொல்வது கேட்டது. தாளை மருத்துவ நிலையக் கதவின் உட்புறம் ஒட்டினார் என்று பிறகு தெரிந்தது.

மிச்சமிருந்தது தலைநகரத்துக்குப் பதில் எழுதுவது. இந்த மன்றத்தில் கடிதத்தைக் கூட்டத்திலேயே எழுதி, உரக்கப் படித்து, ஆளாளுக்குத் திருத்தி, பிறகுதான் நல்ல தாளில் எழுதுவார்கள். ரைட்டரம்மா தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். ஓரம் மடித்தாள், தேதி போட்டாள், பெறுநர் முகவரி எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. அவளுக்குத் தெரிந்த கடிதமெல்லாம் கேட்கிற கடிதம். ‘தங்கள் மேலான உத்தரவை எதிர்நோக்கி’ என்று தொடங்கிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். எதையும் கேட்காத கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை, இருபது வருஷ வேலையிலும் தேவைப்படவில்லை.

“என்ன யோசனை?” என்றார் தையற்காரம்மா. “வீட்டுல எப்படி? ‘நான் கடைக்குப் போயிட்டு வரேன்’னு புருஷன்கிட்டச் சொல்லிட்டுக் கிளம்பறோம் இல்லையா? ‘போகட்டுமா’ன்னா கேக்கறோம்?”

“சில வீட்டுல கேக்கறாங்க” என்றார் தலைவர்.

“உங்க வீட்டுல நீங்க கேக்கறீங்க. அது எங்களுக்கும் தெரியும்.”

ரைட்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதிவிட்டாள். எழுதியதை உரக்கப் படித்தாள். “தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வூர் மருத்துவ நிலையத்தின் நேரத்தை இம்மன்றம் தனக்குள்ள அதிகாரத்தின்படி இன்று முடிவு செய்துள்ளது. மாலை நேரம் முன்போலவே தொடர்கிறது. தீர்மானத்தின் நகல் தங்கள் தகவலுக்காக இணைக்கப்பட்டுள்ளது.”

“அவ்வளவுதானா?” என்றார் தலைவர். “மொட்டையா இருக்கே. கடைசியில ‘தங்கள் ஒப்புதலை எதிர்பார்க்கிறோம்’னு ஒரு வரி சேர்த்தா மரியாதையா இருக்குமே.”

மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“சரி, வேண்டாம்” என்றார். “‘இப்படிக்கு’ன்னாவது போடலாமா, அதுக்கும் தடையா?”

“அது போட்டாச்சுங்க.”

இரும்புக்கடைக்காரர் தன் பங்குக்கு, “இதற்குப் பதில் தேவையில்லை” என்று சேர்க்கச் சொன்னார். அது திமிர் என்று எல்லோரும் சொல்ல, அவரே விட்டுக்கொடுத்தார். சம்பந்தி ஒரு நகல் கேட்டார், ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட. மன்றத்துக்கு வெளியாருக்கு நகல் தருவதானால் அதற்குத் தனியாக அனுமதி வேண்டுமே என்று ரைட்டரம்மா தலைவரைப் பார்த்தாள். தலைவர், மேலே கேட்கவேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, “கொடு” என்றார்.

அவள் நல்ல தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து மருத்துவ நிலையத்தின் சத்தம் கேட்டது. பெஞ்சு இழுபடுவது, ஒரு குழந்தையின் வீறிடல், யாரோ சீட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது. பிறகு நர்ஸின் குரல்: “உப்பைக் குறைன்னு சொன்னேன். குறைச்சியா? பொய் சொல்லாதே, இந்தப் பட்டை பொய் சொல்லாது. போன தடவைக்கு ஏறித்தான் இருக்கு. நாளைக்கும் வா. நாளன்னைக்கும் வா.” தங்கையின் பதில் கேட்கவில்லை. ரைட்டரம்மா ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தினாள். நாளைக்கும் திறந்திருக்கும். நாளன்னைக்கும். கடிதம் தலைநகரம் போய், அங்கே யாராவது படித்து, யாருக்காவது ரோஷம் வந்து, நாடாளுமன்றம் கூடி, சட்டத்தை மாற்றி, அந்தத் தாள் இங்கே வந்து சேரும்வரையாவது திறந்திருக்கும். அதற்குள் தங்கைக்குப் பிரசவ மாதம் ஆகிவிடலாம். ஆகாமலும் போகலாம். அதற்குமேல் அவள் கணக்குப் போடவில்லை.

உறையில் கடிதத்தையும் நகலையும் வைத்தாள். பசையைத் தடவி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மன்ற முத்திரையை மூடியின் மேல் ஒரு முறை குத்தினாள். தபால் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டிருந்தது. வண்டிக்காரர் பையை விரித்துக்கொண்டு, “தலைநகரமா? வழக்கம்போல அவங்க பதில் எழுத ஒரு அட்டையையும் சேர்த்துக் கட்டணுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றாள் ரைட்டரம்மா. “போய்ச் சேர்ந்தாப் போதும்.”

அவர் உறையை வாங்கிப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டி, வண்டியைக் கிளப்பினார்.